அரசுக் கல்லூரியில் ட்ரிபிள் ஈ-யா, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டரா?

பல்லடம் பக்கம் பன்னிரண்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்யும் ஒரு அப்பா கேட்ட கேள்வி இது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கட்-ஆஃப் 189. கவுன்சலிங்கில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) தற்காலிக ஒதுக்கீடாக வந்திருக்கிறது. இன்னொரு பக்கம், நுழைவுத் தேர்வு எழுதி ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடமும் கிடைத்திருக்கிறது. அங்கே படிப்புக் கட்டணம் மட்டும் வருடம் 3 லட்சம், விடுதி தனி. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. சொந்தபந்தம் எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்கிறது. பேங்க் லோன் போட்டு அனுப்பலாமா, எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு மதிப்பு அதிகம் என்று கேட்கிறார்.

அண்ணா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் நிலைமையில் என் பெண்ணாக இருந்தால் அரசுக் கல்லூரியில்தான் சேர்ப்பேன். நான் கோவையில் மோட்டார், பம்ப் தயாரிப்பில் 27 வருடமாக இருக்கிறேன். அதில் பாதிக் காலம், புதிதாகப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளை நேர்முகத் தேர்வு செய்யும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இடத்திலிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பட்டத்தின் மதிப்பைப் பற்றிய பயம் வேண்டாம். அரசு தொழில்நுட்பக் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டம், தேர்வு எல்லாம் அவர்களே நடத்துவார்கள்; பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே பட்டம் தரும். இரண்டும் செல்லும். டிஎன்பிஎஸ்சி, மின்வாரியம், எம்.இ. சேர எழுதும் கேட் தேர்வு, வெளிநாட்டு மேற்படிப்பு என்று எதற்குப் போனாலும் அரசுப் பதிவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் பணம். வருடம் 3 லட்சம் என்றால் நான்கு வருடத்துக்கு 12 லட்சம். விடுதிச் செலவைக் கைக்காசில் சமாளிக்கிறேன், கட்டணத்துக்கு மட்டும் லோன் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை. அதைக் கேட்டதும் நிறையப் பேர் அந்த ஐந்து வருடத்துக்கும் வட்டி இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி, கடனின் முதல் தொகையை வாங்கிய நாளிலிருந்தே ஓடும். 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். முதல் வருடம் வாங்கிய 3 லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாம் வருடத்து 3 லட்சத்துக்கு நான்கு, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. தனி வட்டியாகவே கூட்டினாலும் 4 லட்சத்து 20 ஆயிரம். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 16 லட்சத்து 20 ஆயிரமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 21,400 ரூபாய்.

பெரிய சாஃப்ட்வேர் நிறுவனங்கள் கல்லூரிக்கு வந்து கூட்டமாக ஆள் எடுக்கும்போது கொடுக்கும் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் வருடம் மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான். கையில் வருவது மாதம் இருபத்தைந்தாயிரம். அதில் 21,400 போனால் பெங்களூரில் ஒரு மாத விடுதி வாடகைக்குக்கூட மிச்சம் இல்லை. பெரிய சம்பளம் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கிடைக்கும் சம்பளத்தை வைத்துத்தான் கடன் வாங்க வேண்டும், சிலருக்குக் கிடைப்பதை வைத்து வாங்கக் கூடாது. தறிக் கூலி எப்போது ஏறும், எப்போது ஸ்டிரைக் வரும் என்று தெரியாத வீட்டில் அந்த மீதியை யார் கட்டுவது? நீங்கள்தான் கட்டுவீர்கள்.

இதில் எனக்கு வலிப்பது பணத்தைவிட வேறொன்று. சில வருடம் முன் ஒரு பையன் எங்களிடம் நேர்முகத் தேர்வுக்கு வந்தான். ஈரோடு மாவட்டத்துப் பையன், அருமையான மூளை. மோட்டார் வடிவமைப்புப் பிரிவில் ஒன்றரை வருடம் பயிற்சியாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்றோம். பயிற்சிக் காலத்தில் சம்பளம் குறைவு, அதற்குப் பிறகு நன்றாக ஏறும். அவனுக்கு ஆசை கண்ணில் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினான். "சார், லோன் தவணை ஆரம்பிச்சிருச்சுங்க, முடியாதுங்க" என்றான். ராத்திரி ஷிஃப்ட்டில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை ஒன்று நாலாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது. அதற்குப் போய்விட்டான். நாலாயிரம் ரூபாயில் அவன் தொழிலே மாறிப்போனது. இன்றைக்கும் அவனை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. கடன் இல்லாமல் வெளியே வரும் பிள்ளை முதல் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கலாம். ஒரு வருடம் கேட் தேர்வுக்கு உட்காரலாம். எம்.இ. போகலாம். பிடிக்காத வேலையை விட்டுவிட்டு வரலாம். இந்தச் சுதந்திரம் கல்லூரிகள் அச்சடித்துத் தரும் புத்தகத்தில் இருக்காது. அரசுக் கல்லூரியில் படிப்புக் கட்டணம் சொற்பம். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தே வருடம் ஒரு லட்சத்துக்குள் முடியும் என்று நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு தொகைக்கும் நடுவில் இருப்பது உங்கள் மகளின் இருபதுகள்.

இனி, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய ஒன்றுக்கு வருகிறேன். தறி மோட்டார் எரிந்து காயில் கட்டக் கொண்டுபோனபோது பாப்பாவும் கூட வந்தாள், அரை நாள் அங்கேயே நின்று பார்த்தாள், மூன்றில் இரண்டு பங்கு காயில் கருகிக் கிடக்கும்போது ஒரு பங்கு மட்டும் எப்படிப் புதிதுபோல் இருக்கிறது என்று கடைக்காரரைத் துளைத்து எடுத்துவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணா, அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன்.

அது எவ்வளவு நல்ல கேள்வி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மோட்டாருக்கு வரும் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒன்று போய்விட்டால், ஸ்டார் இணைப்பில் (மூன்று காயிலின் ஒரு முனையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது) இருக்கும் மோட்டாரில் மீதி இரண்டு பேஸ் காயில் மட்டுமே எல்லா மின்னோட்டத்தையும் தாங்க வேண்டி வரும். மோட்டார் உறுமும், சூடாகும், அந்த இரண்டும் கருகும். மின்சாரமே போகாத மூன்றாவது காயில் அப்படியே பிழைத்துக் கிடக்கும். கருகிய விதத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். எங்களிடம் வரும் பட்டதாரிகளிடம் நான் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கருகிய ஸ்டேட்டரை, அதாவது காயில் சுற்றிய சுழலாத பாகத்தை, மேசையில் வைத்துவிட்டு, என்ன நடந்திருக்கும் சொல்லுங்கள் என்பேன். ஒன்பதுக்கு மேல் சிஜிபிஏ வைத்திருக்கும் பிள்ளைகள்கூடத் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்த பெண், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்டிருக்கிறாள். அவள் எதில் ராத்திரி கண்விழித்து உட்காருவாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ட்ரிபிள் ஈ எடுத்தால் வேலை இல்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதுதான் எனக்கு வியப்பு. 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்த பிறகுதான் கோவையில் மில்லும் மோட்டாரும் பெருகின. நீங்கள் பல்லடத்திலிருந்து கோவை வரும் வழியில், சூலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கலங்கல்தான் ஜி.டி.நாயுடு பிறந்த ஊர். இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார்களில் ஒன்று 1937-ல் அவரும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியது. உங்கள் மகளுக்கு இடம் கிடைத்திருக்கும் கல்லூரியும் 1945-ல் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில், நாயுடுவின் நன்கொடையில் தொடங்கியதுதான். அவரே முதல் பிரின்ஸ்பாலாக இருந்தார். பொறியியல் படிப்புக்கு நான்கு வருடம் தேவையில்லை, இரண்டே வருடம் போதும் என்று அவர் நினைத்தார், அரசு ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். கையால் செய்து பார்க்காத படிப்பு அவருக்குப் படிப்பே இல்லை.

அது பழைய கதை என்று வைத்துக்கொண்டாலும், இன்றைக்கு உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். பல்லடத்திலிருந்து உடுமலை, தாராபுரம் வரை காற்றாலை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை, 6,000 மெகாவாட் கொண்டுவருவது. அந்தக் கோபுரங்களுக்காகத் தோட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று நம் விவசாயிகள் போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வேதனை வேறு, அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையை இயக்கவும் பாதுகாக்கவும் பவர் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். மின்சார வண்டிக்கு மோட்டார் கன்ட்ரோலர் வேண்டும், சோலார் பம்புக்கு டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு நல்ல டிரைவ் இன்ஜினியர் கிடைக்க மாதக்கணக்கில் தேடுகிறோம்.

அப்புறம், ட்ரிபிள் ஈ எடுத்தால் சாஃப்ட்வேர் கதவு மூடிவிடும் என்பதும் சரியில்லை. பெரும்பாலான சாஃப்ட்வேர் நிறுவனங்கள் ட்ரிபிள் ஈ, இசிஇ பிள்ளைகளையும் வளாகத் தேர்வில் உட்கார விடுகின்றன. மோட்டாருக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதும் வேலைக்கு மின்னியலும் தெரிந்த ஆள்தான் வேண்டும். படிக்கும்போதே கூடுதலாக 18 முதல் 20 கிரெடிட் எடுத்துக் கம்ப்யூட்டரை மைனராக (துணைப் பாடமாக) வாங்கும் வழியும் இப்போது வந்துவிட்டது; அந்தக் கல்லூரி விதிமுறையில் எப்படி என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் பாடங்களைக் காசு கட்டாமலே பார்க்கலாம். இதற்கு நேர்மாறான வழி கடினம். கம்ப்யூட்டர் படித்துவிட்டு மின் இயந்திரத்துக்கு வருவதென்றால் ஆய்வகம் வேண்டும், தனியாக வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது.

கம்ப்யூட்டர் இடங்களைப் பற்றி ஒன்று. 2024-25 முதல், நன்றாக நடக்கும் கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்ச வரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் வகுப்புகள் வேகமாகப் பெருகுகின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் இருக்கிறது என்று யார் சொன்னாலும், மொத்தம் எத்தனை செக்‌ஷன், பாடம் நடத்துபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட வேண்டும். புதுப் பெயரில் வரும் பாடப்பிரிவுகளில் இன்னொன்றையும் பாருங்கள். படிப்பின் தரத்தைச் சோதித்துத் தரும் என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. இரண்டு பேட்ச் பிள்ளைகளாவது படித்து வெளியே வந்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும்.

வேலைவாய்ப்புக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். விளம்பரத்தில் வரும் அதிகபட்ச சம்பளத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அது ஒரே ஒரு பிள்ளையுடையது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும், தான் கொடுத்த தகவலைத் தன் இணையதளத்திலேயே போட வேண்டும். அதைத் திறந்தால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நான்கு வருடத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, நடு ஆளின் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். நடு ஆளின் சம்பளம் என்பது, வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வாரியாக நிற்க வைத்தால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. உங்கள் பெண்ணுக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது அதுதான். பாடப்பிரிவு வாரியாகப் பிரித்திருக்க மாட்டார்கள், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடு ஆளின் வருடச் சம்பளத்தில் இருக்கும் வித்தியாசத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 21,400-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நல்லது இல்லையா? இருக்கிறது. நல்ல இடங்களில் கட்டடம், ஆய்வகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத் தொடர்பு எல்லாம் அரசுக் கல்லூரியைவிட மேலாக இருக்கும். ஒரு பழுதான கருவியை மாற்ற அரசுக் கல்லூரியில் கோப்பு நகரும் வரை காத்திருக்க வேண்டும், அங்கே சீக்கிரம் நடக்கும். பாப்பா பள்ளியிலேயே நிரல் எழுதிக்கொண்டிருந்தவளாக இருந்து, அந்தக் கட்டணம் உங்களுக்குக் கடன் இல்லாமல் கட்டக்கூடியதாகவும் இருந்திருந்தால், தயங்காமல் அங்கேயே சேருங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அவர்கள் மதிப்பெண்ணுக்குக் கட்டணத்தில் பெரிய சலுகை கொடுத்தாலும் கணக்கு மாறும். நான்கு வருடமும் அது தொடருமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் முதலில் பட்டம் படிப்பவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையைப் பற்றி உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். அது அரசு கவுன்சலிங் வழியாகச் சேருபவர்களுக்குத்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அந்தக் கவுன்சலிங்கிலேயே இல்லை, அதனால் அங்கே அந்தச் சலுகை கிடையாது. அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், கவுன்சலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் வருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அதை விட்டுவிட்டு வெளியே லோன் தேடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு உறுதி செய்யக் கொடுக்கும் நாள் மிகக் குறைவு. கெடுவைத் தவறவிட்டால் இடம் போய்விடும். மேலே வரிசைப்படுத்திய விருப்பம் கிடைத்தால் மாறிக்கொள்கிறேன் என்ற தெரிவும் அதில் இருக்கிறது. இந்த ட்ரிபிள் ஈ-க்கு மேலே ஐந்தாறு விருப்பம் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த மேல் வரிசையில் பாப்பா உண்மையாகவே விரும்பாத எதுவும் இருந்தால் அந்தத் தெரிவைத் தொடாதீர்கள். கிடைத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. இன்னொன்று, அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கொடுத்துவிட்டுப் போங்கள், அப்புறம் தருகிறோம் என்று எங்காவது சொன்னால் அங்கே கவனமாக இருங்கள்.

தினமும் பல்லடத்திலிருந்து போய்வரலாமா என்று பாப்பாவின் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். திருச்சி சாலையில் வந்து, கோவைக்குள் இறங்கி, அங்கிருந்து கல்லூரி இருக்கும் தடாகம் சாலைக்கு இன்னொரு பஸ். காலையும் மாலையும் சேர்த்து நாலு மணி நேரம் ரோட்டில் போய்விடும். ஆய்வக நாள்களில் களைத்துப்போவாள். முதல் வருடமாவது விடுதியில் விடுங்கள். சீனியர் பெண்களோடு இருப்பதில் கிடைக்கும் படிப்பு வகுப்பில் கிடைக்காது.

உறுதி செய்வதற்கு முன் ஒரு வேலைநாளில் இரண்டு இடத்துக்கும் நேரில் போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கட்டடம் மட்டும்தான் தெரியும். தடாகம் சாலைக்குப் போகும்போது எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேப் எங்கே என்று கேட்டு, அனுமதி வாங்கிப் பாப்பாவை உள்ளே அனுப்புங்கள். ஒரு மேசைக்கு எத்தனை பேர் நின்று செய்கிறார்கள், ஒயர் இணைப்பை மாணவர்களே கொடுக்கிறார்களா, இல்லை முன்னமே இணைத்து வைத்ததை ஸ்விட்ச் மட்டும் போட்டுப் பார்க்கிறார்களா என்று அவளே பார்க்கட்டும். அங்கே இருக்கும் லேப் டெக்னீஷியனிடம், அந்தக் கருகாத மூன்றாவது காயில் கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நின்றுகொள்ளுங்கள். அவள் வெளியே வந்து என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டு, அதே அன்றைக்குச் சாயங்காலம் உறுதி செய்யுங்கள்.